8 சதவீதம் எந்தத் தொகைக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பி.பி.ஐ. என்ற கடன் தவணைக் காப்புறுதியை வங்கிகள் தவறாக விற்றதற்குக் கிடைக்கும் இழப்பீடு பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, கட்டிய காசோடு 8 சதவீத வட்டியும் வரும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரியை நம்பி எங்கள் வீட்டில் ஒரு வாரம் கணக்குச் சண்டை.

2005 தொடக்கத்தில் 5,000 பவுண் கடன் வாங்கினேன். அதோடு 1,000 பவுண் காப்புறுதியையும் ஒட்டிவிட்டார்கள். வேலை போனால் தவணையை அது கட்டுமாம். நான் அப்போது சொந்தமாக டாக்சி ஓட்டினேன், என்னை வேலையிலிருந்து நிறுத்த யார் இருக்கிறார்கள்? சரி, அது பழைய கதை. முறையீடுகளுக்கான கடைசிக் கெடு 2019 ஆகஸ்ட் 29, அதற்கு முன் முறையிட்டேன், 2020 ஜனவரியில் வங்கியின் கடிதம் வந்தது.

அதில் மூன்று தொகைகள். முதலாவது, காப்புறுதிக்கான 1,000 பவுண். அதையும் கடனாகவே தந்ததால் 10 சதவீத வட்டியில் ஐந்து வருடம் மாதம் 21 பவுண் 25 பென்ஸ் கட்டியிருக்கிறேன், மொத்தம் 1,275. மேலதிகமான அந்த 275தான் இரண்டாவது தொகை. இந்த இரண்டும் என் காசு, திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் 8 சதவீதம். மனைவி 1,275க்கு 15 வருட வட்டி போட்டு 1,530 என்றார். நான் கூட்டு வட்டி போட்டு இன்னும் மேலே போனேன். வங்கி தந்ததோ ஏறக்குறைய 1,270. ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தோம். ஆனால் பிழை எங்களுடையது. ஒவ்வொரு தவணைக்கும் அது கையை விட்டுப் போன நாளிலிருந்துதான் வட்டி, அதுவும் தனிவட்டி. முதல் தவணைக்கு ஏறக்குறைய 15 வருடம், கடைசித் தவணைக்கு 10 வருடம். சராசரி பன்னிரண்டரை வருடம் என்றால், எட்டால் பெருக்க நூறு. அதனால்தான் கட்டிய தொகை அளவே வட்டியும் வந்திருக்கிறது. கிரெடிட் கார்டில் எடுத்தவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே காப்புறுதி இல்லாமலே கணக்கு எப்படி நடந்திருக்கும் என்று திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். நிலுவை தீர்ந்து நம் பக்கம் காசு மிஞ்சியிருக்கும் காலத்துக்கு மட்டுமே 8 சதவீதம்.

சேமிப்புக் கணக்குகள் ஒரு சதவீதம்கூடத் தராத காலத்தில் எட்டு தாராளம்தானே என்றார் ஒரு நண்பர். கணக்கில் இருந்ததற்கு மேல் எடுத்து எனக்கு ஓவர்டிராஃப்ட் விழுந்தபோது அதே வங்கி எத்தனை சதவீதம் போட்டது என்று அவர் கேட்கவில்லை.

நான் எழுத வந்தது இதற்குப் பிறகுதான். அந்த 1,270இல் 20 சதவீதத்தை, அதாவது 254 பவுணை, வருமான வரியென்று முன்பே பிடித்துவிட்டார்கள். திருப்பித் தந்த 1,275க்கு வரி இல்லை, 8 சதவீத வட்டிக்கு மட்டும்தான். ஆனால் 2016 ஏப்ரலிலிருந்து, அடிப்படை விகிதமான 20 சதவீதத்தில் வருமான வரி கட்டுவோருக்கு வருடத்தில் 1,000 பவுண் வரை சேமிப்பு வட்டிக்கு வரி கிடையாது, இந்த வட்டியும் அதில்தான் சேரும். எனக்கு வேறு வட்டி வருமானம் இல்லாததால் 254இல் 200 எனக்கே உரியது. அதற்கு பிரித்தானிய வரித் துறையான எச்.எம்.ஆர்.சி.க்கு ஆர்40 என்ற படிவத்தை நாமே அனுப்ப வேண்டும், தானாக வராது. ஓய்வூதியத்தில் இருப்பவர்கள், வரி வரம்புக்குக் கீழே சம்பாதிப்பவர்கள் பலருக்கு முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கலாம். காசு வந்த வரி ஆண்டு முடிந்து நான்கு வருடத்துக்குள் கேட்க வேண்டும். 2020 ஜனவரியில் வாங்கிய எனக்கு 2024 ஏப்ரல் 5 வரை நேரம் இருந்தது. 2016இல் வாங்கியவர்களுக்கு அவ்வளவு நேரம் இருக்கவில்லை.

படிவம் இலவசம், ஏஜென்ட் தேவையில்லை. எங்கள் தெருவிலேயே இருவர், காசு கணக்கில் விழுந்ததும் வங்கிக் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். வரி பிடித்த விவரத்தை வங்கியிடம் மறுபடியும் கேட்டு வாங்கலாம் என்பதையும் அடுத்த இதழில் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈஸ்ட்ஹாம், லண்டன்