கர்ப்பிணிகளையும் காய்ச்சல் நோயாளிகளையும் பிரித்து உட்கார வைக்கக் கோரி மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்
அனுப்புநர்: கீழத்தெரு, ஏரிக்கரைத் தெரு பொதுமக்கள்
பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் அளித்த எங்கள் முந்தைய மனுக்கள்

ஐயா, வணக்கம்.

எங்கள் ஊர் தங்களுக்குப் புதியதல்ல. ஏரிக்கரை உடைப்பைப் பார்வையிட வந்தபோது தங்கள் வாகனம் நின்றது இந்த ஆரம்ப சுகாதார நிலைய வாசலில்தான். ஆகவே இடத்தை விவரிக்கவில்லை.

1. ஐப்பசி மழை பிடித்தால் ஊரில் ஃப்ளூ காய்ச்சலும் பிடித்துக்கொள்கிறது. இருமல், தும்மல் வழியே தொற்றும்; அறிகுறி தெரிவதற்கு முந்தைய நாளிலிருந்தே பரவும்.

2. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனை நாள். காய்ச்சல் கூட்டமும் அன்றே வருகிறது. தாழ்வாரத்தில் இருப்பதோ இரண்டே பெஞ்சு. எட்டு மாத வயிற்றோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். தோள் உரசப் பக்கத்தில் ஒரு பெரியவர், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவார். சாரல் அடிக்கிறதென்று ஜன்னல்களையும் சாத்திவிடுகிறார்கள். ஓ.பி. சீட்டு, எடை, இரத்தப் பரிசோதனை, மாத்திரை என்று எந்த வரிசைக்குப் போனாலும் அதே இருமல் பின்னால் வருகிறது. கர்ப்பிணிகளுக்கு இந்தக் காய்ச்சல் முற்றினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். தடுப்பூசியில் இவர்களுக்கே முதலிடம் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-லேயே சொல்லிவிட்டது. இங்கே அந்த ஊசியும் இல்லை. தனியாரிடம் போட்டுக்கொள்ளக் கூலிக்காரக் குடும்பத்தில் பணம் ஏது? பரிசோதனைக்கு வந்தவள் நோயை வாங்கிக்கொண்டு போக வேண்டுமா, ஐயா?

3. பின்புறம் பழைய பிரசவ அறை பூட்டிக் கிடக்கிறது. உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும் கொசுப் புகை இயந்திரமும். இயந்திரத்துக்கு அறை, கர்ப்பிணிக்குத் தாழ்வாரம்! சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார்.

4. 'சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்' என்ற சுவரொட்டிக்குக் கீழே இருக்கும் குழாயில் தண்ணீர் வருவதில்லை.

5. இந்தக் கூட்டத்துக்குப் பயந்தே பலர் மருந்துக் கடையில் 'ஒரு செட் மாத்திரை' வாங்கி விழுங்குகிறார்கள். அதிலுள்ள ஆண்டிபயாடிக் ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது. கர்ப்பிணிக்கு ஃப்ளூ கண்டால் ஓசல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை 48 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது; அந்த நேரம் கடையிலேயே கழிந்துவிடுகிறது.

6. 'தங்கள் மனு முடித்துவைக்கப்பட்டது' என்று கைப்பேசிக்குச் செய்தி வந்தது. எதை முடித்தார்கள்? பெஞ்சுகூட நகரவில்லை. மரியாதைக் குறைவாகத் தோன்றினால் பொறுத்தருள்க, வயிற்றெரிச்சலில் எழுதுகிறோம். செவிலியர்கள்மேல் எங்களுக்குக் குறையில்லை, அவர்களும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

ஆகவே, அடைமழைக்கு முன் அந்த அறையைத் திறந்து, காய்ச்சல் நோயாளிகளை அங்கே பார்க்கவும், கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ தடுப்பூசி கிடைக்கவும் உத்தரவிடுமாறு பணிந்து வேண்டுகிறோம். புதுக் கட்டடமெல்லாம் வேண்டாம். அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள் ஐயா, வருகிற செவ்வாய்க்கு முன்பாகத் திறக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)