மொழி படிக்கிற பிள்ளைகளுக்கும் பணம் இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

உயர்கல்வி உதவித்தொகை பற்றி நம் நாளிதழில் வரும் செய்திகள் பெரும்பாலும் இன்ஜினியரிங், மருத்துவம் படிப்பவர்களுக்கானவை. பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழி படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. கோபி வட்டாரத்தில் கல்லூரி விண்ணப்பங்கள் நிரப்ப உதவி வருகிறேன். "மொழி படிச்சா யாருங்க பணம் குடுப்பாங்க?" என்று பெற்றோர் கேட்கும்போதெல்லாம் ஆதங்கமாக இருக்கிறது. கொடுக்கிறார்கள், ஆனால் மொழியின் பெயரைப் போட்டுத் தேடினால் அதில் பாதி கண்ணில் படாது.

எந்தப் பட்டப்படிப்பாக இருந்தாலும் கிடைக்கிற உதவிகளை முதலில் பார்க்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் நம் கோவையில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்து, குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் இளநிலைக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். வருமானச் சான்றுக்குக் கடைசி வாரத்தில் இ-சேவை மையத்துக்கு ஓடாதீர்கள், முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

கட்டணமே குறைவாக இருக்கிற இடத்தில் சேர்வதும் ஓர் உதவித்தொகைதான். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜெர்மன், ஜப்பானியம், கொரியம், ஸ்பானியம் என்று பல மொழிகளில் பி.ஏ. ஹானர்ஸ் இருக்கிறது. கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கியூட் எழுதிச் சேரலாம். ஹைதராபாத்தில் மொழிகளுக்கென்றே ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் பள்ளிகளில் நீட் பற்றிப் பேசுகிற அளவுக்கு கியூட் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் பெரிய வருத்தம்.

அப்புறம், அந்தந்த நாடுகளே தருகிற பணம். ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. அமைப்பு, அங்குள்ள பல்கலைக்கழகங்களில் கோடைக்கால மொழி வகுப்புக்கு உதவித்தொகை தருகிறது. எந்தத் துறை மாணவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஓரளவு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். கோடையில் போக வேண்டுமானால் முந்தைய ஆண்டு முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஜப்பானிய மொழியை முதன்மைப் பாடமாகப் படிக்கும் இளநிலை மாணவர்களை ஜப்பான் அரசு ஓராண்டு அழைத்து, விமானக் கட்டணமும் மாதப் பணமும் தருகிறது. தூதரகம் வழியாக விண்ணப்பிப்பதற்குக் கட்டணம் கிடையாது. ஆகவே "உதவித்தொகை வாங்கித் தருகிறேன், இவ்வளவு கட்டுங்கள்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இத்தனை இருந்தும் ஓர் இடத்தில் யாரும் கைகொடுப்பதில்லை. அது தேர்வுக் கட்டணம். ஜெர்மன் மொழியில் இடைநிலைத் தேர்ச்சிக்கான பி1 தேர்வு ஒருமுறை எழுதவே பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. விசைத்தறி ஓட்டுகிற வீட்டில் அது ஒரு மாதச் செலவு. திருப்பூர் பனியனும் கரூர் படுக்கை விரிப்பும் ஐரோப்பாவுக்கு ஏராளமாகப் போகின்றன. அந்த ஏற்றுமதியாளர்கள், அருகிலுள்ள கல்லூரியில் ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டால் என்ன? அதே பிள்ளைகள் நாளை அவர்கள் அலுவலகத்திலேயே வேலைக்கு வரலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதத்தின் முதல் வாரக் கல்விப் பக்கத்தில், அந்த மாதம் முடியப்போகும் மொழி உதவித்தொகைகளின் கடைசித் தேதிகளை ஒரு சிறு கட்டத்தில் வெளியிடுங்கள். கல்லூரி நூலகர்கள் அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொள்வார்கள்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோபிசெட்டிபாளையம்