ஓய்வு பெற்று ஊருக்கு வந்திருக்கும் என் பேராசிரியருக்கு

அன்புள்ள மேடம்,

வேலையில் இருந்து ஓய்வு பெற்று தக்கலைக்கே குடிவந்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நேரில் வந்து கேட்டால் "பாக்கலாம் மக்களே" என்று காப்பி போட எழுந்துவிடுவீர்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

தீக்காயம் என்றால் நம் ஊரில் முதல் கேள்வி, ஆள் பிழைச்சாச்சா என்பதுதான். பிழைத்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் நீங்கள் ஆயுசு முழுக்க ஆராய்ந்தீர்கள்.

உங்கள் முதல் வகுப்பு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. 1942-ல் பாஸ்டன் நகரத்தின் கோகனட் குரோவ் கேளிக்கை விடுதியில் 492 பேர் தீயில் இறந்த கதையில் தொடங்கினீர்கள். அங்கிருந்து 1968-க்கு வந்து, எடையில் ஒரு கிலோவுக்கு, வெந்த பரப்பில் ஒரு சதவீதத்துக்கு 4 மில்லி திரவம், அதில் பாதியை முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்ற பார்க்லேண்ட் கணக்கைச் சொன்னீர்கள். யூகோஸ்லாவியாவின் மாரிபோர் நகரில் யான்ஷெகோவிச் என்ற பெண் மருத்துவர், வெந்த தோல் தானாக உதிரட்டும் என்று காத்திருக்காமல் சில நாட்களுக்குள் சீவி எடுத்துவிட்டு நல்ல தோலை ஒட்டிக் காட்டினார். 1970-ல் அது கட்டுரையாக வந்தது. இவ்வளவையும் வேகமாகச் சொல்லி முடித்துவிட்டு, "சரி, உயிரைக் காப்பாத்தப் படிச்சாச்சு. காப்பாத்தின பிள்ளை ஏன் எலும்பும் தோலுமா வீட்டுக்குப் போகுது?" என்று கேட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தீர்கள்.

எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. பெரிய தீக்காயம் பட்ட உடம்பு, காயம் மூடிய பிறகும் ஓயாது என்று விளக்கினீர்கள். அட்ரினலின் வகைச் சுரப்புகள் குறையாமல் நிற்கும், படுத்திருக்கும்போதும் இதயம் படபடவென்று அடிக்கும், உடம்பு தன் தசையையே கரைத்து எரிக்கும். எவ்வளவுதான் ஊட்டினாலும் தசை தேறாது. இந்தச் சுரப்புகள்தான் காரணம் என்று வில்மோர் குழு 1974-லேயே காட்டிவிட்டது. 2001-ல் டெக்சாஸில் ஹெர்ண்டன் குழு, இதயத் துடிப்பைக் குறைக்கிற பழைய மாத்திரையான புரோப்ரனலாலைத் தீக்காயக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. கொடுக்காத குழந்தைகளின் கொழுப்பு நீங்கிய உடல் எடை சராசரியாக 9 சதவீதம் குறைந்தது. கொடுத்தவர்களுக்குப் பெரிதாகக் குறையவில்லை. அதே ஆண்டு அங்கேயே சுமன் என்பவரின் குழு, கடுமையாக வெந்த குழந்தைகளை, காயம் பட்டு ஆறு மாதம் கழித்து, 12 வாரம் எடை தூக்கப் பழக்கி வலுவேற்றிக் காட்டியது. பிசியோதெரபி படித்துவிட்டு வந்த எனக்கு, என் வேலை இவ்வளவு பெரியதா என்று மயிர்க்கூச்செறிந்தது அன்றைக்குத்தான்.

ஆனால் நான் உங்களிடம் கற்றதில் முக்கியமானது வகுப்பறையில் நடக்கவில்லை. ஒரு நாள் ஜூனியர் பெண் ஒருத்தி, நம் ஆய்வில் இருந்த தீக்காயக்காரர்களுக்கு மாதாமாதம் தோள் எவ்வளவு உயர்கிறது என்று காட்டும் வரைபடத்தைக் கொண்டுவந்தாள். எல்லாப் புள்ளிகளும் மேலே ஏற, ஒன்று மட்டும் ஒன்பதாம் மாதத்தில் சரிந்து கீழே கிடந்தது. நீங்கள் பேனா முனையை அதன்மேல் வைத்து, "இது யாருக்க கை?" என்று கேட்டீர்கள். அவள் எண்ணைச் சொன்னாள். "எண் வேண்டாம், ஆளைச் சொல்லு" என்றீர்கள். அப்போதே போன் போடவும் சொன்னீர்கள். குளச்சல் பக்கத்து கடற்கரை ஊர்ப் பையன், அக்குளில் காயம். தழும்பு தடிக்காமல் இருக்க நாளுக்கு 23 மணி நேரம் போட வேண்டிய இறுக்கச் சட்டை அவனிடம் ஒன்றுதான் இருந்தது. மழைக்காலத்தில் துவைத்தால் காயவில்லை. ஈரத்தோடு போட்டதில் அரிப்பு. அதற்குள் பையனும் வளர்ந்துவிட்டான், சட்டை சின்னதாகி இறுக்கியது, கழற்றி வைத்துவிட்டார்கள். அந்த மாதத்திலிருந்து ஆய்வில் இருந்த எல்லாருக்கும் இரண்டு சட்டை, குறித்த இடைவெளியில் மறுபடி அளவெடுப்பு என்று மாற்றினீர்கள். கட்டுரையில் அந்த ஜூனியர் பெண்ணின் பெயரைத்தான் முதலில் போட்டீர்கள். பலன் தராத முயற்சிகளையும் ஒளிக்காமல் எழுத வைத்தீர்கள். உங்கள் மாணவர்கள் யாரும் இன்றைக்கும் அதை விடவில்லை.

இனி நான் கேட்க வந்ததற்கு வருகிறேன். எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் நெய்யூரில் தங்கி வைத்தியம் பார்த்த கன்னியாகுமரி மாவட்டம் இது. நல்ல வைத்தியம் கிடைக்கும் என்றால் ஆசாரிபள்ளம் பெரியாஸ்பத்திரி என்ன, திருவனந்தபுரம் என்ன, எங்கேயும் போகிற சனங்கள்தான். ஆனால் காயம் ஆறிய பிறகும் போக வேண்டும் என்று அவர்களிடம் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. போனால் ஒரு நாள் கூலியும் போச்சு. சென்ற மாதம் ஒரு அக்காவைப் பார்த்தேன். அக்கானி என்கிற பதநீரைக் காய்ச்சும்போது கூப்பனி, அதாவது கொதிக்கும் பாகு, தெறித்துக் கழுத்திலும் தோளிலும் பட்டிருக்கிறது. பாகு வெந்நீரைப் போல வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு ஆழமாக வேகவைக்கும். பக்கத்து வீட்டார் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடாமல் பேஸ்டைத் தடவியிருக்கிறார்கள். எப்படியோ ஆறிவிட்டது. வலிக்கிறதே என்று இரக்கப்பட்டு, வீட்டில் இரண்டு தலையணை வைத்துப் படுக்க வைத்தார்கள். கழுத்துக் காயத்துக்குத் தலையணையே கூடாது என்று சொல்ல ஆள் இல்லை. இப்போது தாடை நெஞ்சை நோக்கி இழுத்துக்கொண்டு நிற்கிறது. அண்ணாந்து தண்ணீர் குடிக்க முடியவில்லை.

அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைகளில், தோட்டு எண்ணெய் பட்டு உரிந்த கைகளோடு வேலை செய்யும் பெண்களை நீங்கள் சின்ன வயதிலேயே பார்த்திருப்பீர்கள். அந்தக் கைகளை இதுவரை நான் மாதக்கணக்கில் பின்தொடர்ந்து அளந்ததில்லை. அளக்க ஆசை இருக்கிறது. எப்படித் தொடங்குவது என்று நீங்கள் சொல்லித்தர வேண்டும்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை போதும், மேடம். மார்த்தாண்டத்தில் ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறேன், மாடிப்படி ஏற வேண்டியதில்லை. இளம் பிசியோதெரபிஸ்ட்கள் சிலரும் கிராம சுகாதாரச் செவிலியர் இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று கோணமானியால் அளப்பது, எந்த மூட்டை எப்படி நீட்டி வைப்பது, தழும்பை எப்படித் தடவிப் பார்ப்பது, வராமல் போனவரின் வீட்டுக்குப் போன் போட்டு எப்படிப் பேசுவது என்று நீங்கள் எங்களுக்குக் கற்றுத்தந்ததை அவர்களுக்கும் கற்றுத்தர வேண்டும். அந்த அக்காவையும் முதல் நாளே கூட்டிவருகிறேன். கழுத்துக்கு அறுவை சிகிச்சை தேவையா, எங்கே அனுப்புவது என்று நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொன்னால் நல்லது.

ஓணம் கழிந்த முதல் சனிக்கிழமை சரிப்படுமா? காலையில் நானே தக்கலைக்கு வந்து உங்களை அழைத்துப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் மாணவி, கருங்கல்