உன் அட்டவணையைப் பார்த்தேன், கண்ணு

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மாத நிகழ்ச்சி அட்டவணையை நிதானமாகப் படித்தேன். கோயம்புத்தூரில் நீ சேர்ந்திருக்கும் முதியோர் இல்லத்தில் பெரியவர்களுக்குப் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள் நடத்துவதற்கென்றே ஆள் வைத்திருப்பது பெரிய விஷயம். பல இடங்களில் டிவியைப் போட்டுவிட்டு, அதுதான் பொழுதுபோக்கு என்று சொல்லிவிடுவார்கள். திருச்சியில் இதே வேலையைப் பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

வினாடி வினாவை மாலை ஐந்து மணிக்குப் போட்டிருக்கிறாய். காலை பத்துக்கு மாற்று. மறதி நோய் உள்ளவர்களில் பலருக்கு வெயில் இறங்கும் நேரத்தில் பதற்றம் கூடும். "வீட்டுக்குப் போகணும்" என்று பையோடு வாசலுக்கு வந்து நிற்பார்கள். அப்போது கேள்வி கேட்டால் திணறிப்போவார்கள். விளக்கைச் சீக்கிரம் போட்டு, தெரிந்த பழைய பாட்டை மெதுவாக வை. போதும்.

தம்போலா நல்லதுதான். ஆனால் எண்ணைக் கூப்பிடும்போதே பலகையில் பெரிதாக எழுதியும் காட்டு. காது மந்தமானவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, விளையாட்டே பிடிக்கவில்லை என்று எழுந்து போய்விடுவார்கள். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை வேண்டாம், சிலர் வாயில் போட்டுக்கொள்வார்கள். பெரிய சோழியாக வாங்கு. ஆடும்போது ஒரு ஆள் கூடவே இருக்கட்டும்.

படத்துக்கு வண்ணம் தீட்டுவதை இத்தனை நாள் வைக்காதே. எங்கள் இல்லத்தில் தையல்காரர் ஒருவர் இருந்தார். கலர் பென்சிலை நீட்டினால் தள்ளிவிடுவார், யாரோடும் பேசமாட்டார். ஒருநாள் பட்டன் அறுந்த சட்டை ஒன்றை அவர் மடியில் வைத்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே துணியைத் தேய்த்துப் பார்த்து, "டெரிகாட்டன். காஜா சரியில்லை" என்றார். அப்புறம் சலவைக்குப் போய்வரும் துணியில் பட்டன் பார்ப்பது அவர் பொறுப்பு ஆனது. ஊசியை மட்டும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவோம். வயதானவர்களைக் குழந்தையாக்கும் எதைப் பார்த்தாலும் எனக்கு மனசு கேட்காது. புதிதாக யார் வந்தாலும் என்ன வேலை பார்த்தார், காலையில் எழுந்ததும் என்ன செய்வார் என்று கேட்டு எழுதி வை. கீரை ஆய்வது, பூ கட்டுவது, பேப்பரைச் சத்தமாகப் படிப்பது எல்லாமே நிகழ்ச்சிதான். வரமாட்டேன் என்றால் விட்டுவிடு, மறுநாள் மறுபடி கூப்பிடு.

உன் அட்டவணை முழுக்க ஹாலில் நடக்கிறது. படுக்கையிலேயே இருப்பவர்கள் எங்கே? அவர்களுக்கான நேரத்தை முதலில் எழுது, மிச்சத்தை ஹாலுக்குக் கொடு. ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும். நாற்காலியை இழுத்துப் போட்டு, முகம் தெரியும்படி உட்கார்ந்து பேசு, தலைக்கு எண்ணெய் தடவு. வருகைப் பதிவேட்டில் ஹாலில் இருந்த தலைகளைத்தான் எண்ணுவார்கள். நீ இதையும் எழுதிக் காட்டு; நிர்வாகத்துக்குப் புரிய வைப்பதும் உன் வேலை.

அக்டோபர் 1 முதியோர் தினம். அன்றைக்கு கேக்கும் கேமராவுமாகப் பள்ளிக்கூடங்கள் வரிசையில் நிற்கும். சர்க்கரை நோயாளி என்று யாரும் யோசிக்கமாட்டார்கள். நவம்பரில் எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. இப்போதே பேசி, மாதம் ஒரு பள்ளி என்று பிரித்துவிடு. வரும் பிள்ளைகள் ஆடிக் காட்டிவிட்டுப் போகவேண்டாம், தாத்தா பாட்டியிடம் தாயம் கற்றுக்கொண்டு போகட்டும்.

மாற்றி எழுதியதை அனுப்பு, பார்க்கிறேன். நம் வீட்டுப் பல்லாங்குழிப் பலகையைத் தம்பி அடுத்த வாரம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா