ஹில்லன்பர்க் பெயரைச் சொல்லிச் சண்டையிடும் ஸ்பாஞ்ச்பாப் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

கடலடியில் வாழும் ஒரு கடற்பஞ்சைப் பற்றிய அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் ஸ்பாஞ்ச்பாப். அதை உருவாக்கிய ஸ்டீபன் ஹில்லன்பர்க் 2004-இல் அதன் அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகினார். அன்றிலிருந்து நம் கூட்டம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. முதல் 3 சீசன்தான் ஸ்பாஞ்ச்பாப், மற்றதெல்லாம் சக்கை என்கிறது ஒரு தரப்பு. தொடர் எப்போதும் போலத்தான் இருக்கிறது, உங்களுக்குத்தான் வயதாகிவிட்டது என்கிறது மறு தரப்பு. எங்களுக்கு இரண்டு தரப்பு மீதும் ஒரே வருத்தம்தான். எபிசோடு எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்காமல், ஒரு மனிதரின் வருகையையும் விலகலையும் மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுகிறோம்.

முதலில் அந்த விலகலையே சரியாகப் பார்ப்போம். 2004 நவம்பரில் முதல் திரைப்படம் வந்தது. அதோடு தொடரை முடித்துக்கொள்ளவே ஹில்லன்பர்க் விரும்பினார். தொடரை ஒளிபரப்பும் நிக்கலோடியன் தொலைக்காட்சி, தொடர வேண்டும் என்றது. அவர் பொறுப்பைப் பால் டிபிட்டிடம் ஒப்படைத்தார். ஆனால் நிர்வாகத் தயாரிப்பாளராக நீடித்தார். ஒவ்வொரு எபிசோடையும் பார்த்துத் தன் கருத்தைச் சொல்லிவந்தார். 2015-இல் வந்த இரண்டாவது படத்தின் கதையில் டிபிட்டுடன் அவர் பெயரும் இருக்கிறது. அதன் பிறகு தொடருக்கே திரும்பினார். 2017-இல் தனக்கு ஏஎல்எஸ் என்ற நரம்புச் சிதைவு நோய் இருப்பதை அறிவித்தார், 2018 நவம்பர் 26 அன்று மறைந்தார். ஆக, '2004-க்குப் பிறகு அவர் கை படவே இல்லை' என்பது தவறு. 'அவர் பார்த்து ஒப்புக்கொண்டதுதானே எல்லாம்' என்பதும் தவறு. பார்த்துக் கருத்துச் சொல்வது வேறு, அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு நகைச்சுவையையும் தட்டிப் பார்ப்பது வேறு.

பால் டிபிட் யாரோ வெளியிலிருந்து வந்தவர் என்பதுபோலப் பேசுகிறோம். அவர் முதல் சீசனிலிருந்தே எழுத்தாளர், ஸ்டோரிபோர்டு இயக்குநர் (கதையைக் காட்சி காட்சியாக வரைந்து வடிவமைப்பவர்). 'ராக் பாட்டம்', 'இடியட் பாக்ஸ்' எபிசோடுகள் இரண்டிலும் அவர் பெயர் இருக்கிறது. காலி அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்து கற்பனையில் மலையேறும் 'இடியட் பாக்ஸ்' கதையைப் பொற்காலத்தின் உச்சம் என்று கொண்டாடிவிட்டு, அதை எழுதியவர்களில் ஒருவரையே பொற்காலத்தை அழித்தவர் என்று திட்டுகிறோம்.

இந்தத் தொடரில் முழு வசனத்தோடு ஸ்கிரிப்ட் எழுதி ஓவியர்களிடம் கொடுக்கும் வழக்கம் இல்லை. எழுத்தாளர் அறையில் ஒரு கரு பிறக்கும். அது ஏறத்தாழ 2 பக்கச் சுருக்கமாக எழுதப்படும். யாருக்கு என்ன வேண்டும், எங்கே சிக்கல், எப்படி முடிகிறது என்பது மட்டும் அதில் இருக்கும். அதைப் பெரும்பாலும் ஒரு ஸ்டோரிபோர்டு இயக்குநர் ஜோடி எடுத்துக்கொள்ளும். வசனம், முகபாவம், நகைச்சுவை எல்லாம் படம் வரையும்போதே உருவாகும். வரைந்ததைச் சுவரில் வரிசையாகக் குத்தி, குழுவின் முன் நடித்துக் காட்டுவார்கள். சிரிப்பு வராத இடம் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு குரல் பதிவு, பெரும்பாலும் நடிகர்கள் ஒன்றாக ஒரே அறையில். பிறகு எந்த அசைவுக்கு எத்தனை ஃபிரேம் என்று குறித்த தாள்கள் தயாராகும். அவை தென் கொரியாவில் ரஃப் டிராஃப்ட் ஸ்டூடியோவுக்குப் போகும். திரும்பி வந்ததில் பிழையானவை மறுபடி வரையப்படும்.

இதில் எது தளர்ந்தால் என்ன கெடும் என்பதுதான் பேசவேண்டிய விஷயம். சுவரில் குத்தி நடித்துக் காட்டும் கட்டத்துக்கு நேரம் போதாமல் போனால், காரணமில்லாத வன்முறையும் நீட்டி இழுத்த அருவருப்பும் தப்பித்துக் கடைசிவரை வந்துவிடும். ஃபிரேம் குறிப்பு அவசரமானால், ஸ்பாஞ்ச்பாப்பின் எரிச்சல்காரப் பக்கத்து வீட்டுக்காரரான ஸ்குவிட்வர்ட் பதில் சொல்வதற்கு முன் விடும் அந்த அரை விநாடி மௌனம் காணாமல் போகும். அவர் நகைச்சுவையில் பாதி அந்த மௌனத்தில்தான் இருக்கிறது. குரல் இயக்கத்திலும் ஒரு மாற்றம் நடந்தது. முதல் 3 சீசனில் ஹில்லன்பர்க்கும் டெரெக் டிரைமனும் பதிவு அறையில் உட்கார்ந்து நடிகர்களை வழிநடத்தினார்கள். 4-ஆம் சீசனில் ஆண்ட்ரியா ரொமானோ அந்த வேலையை ஏற்றார். டாம் கென்னி, ராட்ஜர் பம்பாஸ், பில் ஃபேகர்பாக்கி, கிளான்சி பிரவுன் என்று குரல் கொடுப்பவர்கள் எல்லாரும் அதே ஆட்கள்தான். 'குரலே மாறிவிட்டது' என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்னொரு எண்ணும் நம் விவாதங்களில் வருவதே இல்லை. 1 முதல் 5 வரை ஒவ்வொரு சீசனும் 20 அரைமணிப் பகுதிகள். 2008-இல் தொடங்கிய 6-ஆம் சீசனில் அது 26 ஆனது. ஓர் அரைமணியில் பெரும்பாலும் 11 நிமிடக் கதைகள் இரண்டு. தொடரை வெறுப்பவர்கள் அடுக்கும் உதாரணங்களை எடுத்துப் பாருங்கள். நகம் பிய்ந்து போகும் 'ஹவுஸ் ஃபேன்சி', கையில் சிலாம்பு ஏறும் 'தி ஸ்ப்ளிண்டர்', 'எ பால் ஃபார் கேரி'. பெரும்பாலானவை 6, 7-ஆம் சீசனைச் சேர்ந்தவை. ஹில்லன்பர்க் விலகி 4 முதல் 6 வருடம் கழித்து வந்தவை. எண்ணிக்கை மட்டுமே காரணம் என்று நாங்கள் சாதிக்க மாட்டோம். ஆனால் கோடு போடத்தான் வேண்டுமென்றால் 2004-ஐவிட 2008-க்கு வலுவான காரணம் இருக்கிறது.

இதற்கு எங்களிடம் உள்ள நல்ல சான்று, ஸ்பாஞ்ச்பாப் வளர்க்கும் நத்தை கேரியைப் பற்றிய இரண்டு கதைகள். 2005-இல் வந்த 'ஹேவ் யூ சீன் திஸ் ஸ்னெயில்?' கதையில் ஸ்பாஞ்ச்பாப் ஒரு பந்து விளையாட்டுச் சவாலில் மூழ்கி, கேரிக்குச் சாப்பாடு போடவே மறந்துவிடுகிறான். கேரி வீட்டைவிட்டுப் போகிறது. தவறு தன்னுடையது என்று அவனுக்கு உறைக்கிறது. ஊர் முழுக்கத் தேடுகிறான், ஒரு பாடலைப் பாடியே அழுகிறான். 2010-இல் வந்த 'எ பால் ஃபார் கேரி' கதையில், கேரி தனியாக இருக்குமே என்று துணைக்கு ஒரு பிராணியை வாங்கி வருகிறான். அது கேரியை வேட்டையாடுகிறது. கண்ணெதிரே நடப்பதைப் பார்க்காமல் அவன் கேரியைத் திட்டுகிறான். இரண்டிலும் அவன் செய்வது கவனக்குறைவுதான். இரண்டும் டிபிட் தலைமையில் வந்தவைதான். முதலாவதில் அவனுடைய வெகுளித்தனம் தவறு செய்து, பின்பு விழித்துக்கொள்கிறது. இரண்டாவதில் அது விழிக்கவே இல்லை, வலி முழுவதும் கேரிக்கு. படைப்பாளி இருந்தார், இல்லை என்பது இந்த வித்தியாசத்தை விளக்காது. 2 பக்கச் சுருக்கத்தில் 'எப்போது உணர்கிறான்' என்ற ஒரு வரி இருந்ததா இல்லையா என்பது விளக்கும்.

ஸ்குவிட்வர்ட் விஷயத்திலும் இப்படித்தான். 'பேண்ட் கீக்ஸ்' கதையில் தனக்கு ஓர் இசைக்குழு இருப்பதாகப் பொய் சொல்லி அவரே சிக்கலில் மாட்டுகிறார். 'கிரேவ்யார்டு ஷிஃப்ட்' கதையில் ஸ்பாஞ்ச்பாப்பைப் பயமுறுத்த அவர் கட்டிவிட்ட பேய்க் கதை அவரையே துரத்துகிறது. விதைத்தவர் அவர், அறுப்பவரும் அவர். அதனால்தான் சிரிக்க முடிகிறது. 4-ஆம் சீசனின் 'குட் நெய்பர்ஸ்' கதையில் அவர் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை நிம்மதி, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைக் கெடுக்கிறார்கள், தண்டனை மட்டும் அவருக்கு. இங்கே பழைய சீசன் ரசிகர்களின் புகார் முழுக்க நியாயமானது. அதை 'ஆன்மா போய்விட்டது' என்று சொல்லாமல், 'சிக்கலைத் தொடங்கியவர் வேறு, அடி வாங்குபவர் வேறு' என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது.

பழைய சீசன்களையும் கண்ணை மூடிக்கொண்டு போற்ற வேண்டாம். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று நிக்கலோடியனே மறு ஆய்வு செய்து 2018-இல் ஒளிபரப்பிலிருந்து எடுத்த 'மிட்-லைஃப் க்ரஸ்டேஷியன்' 3-ஆம் சீசனைச் சேர்ந்தது. ஹில்லன்பர்க் முழுப் பொறுப்பில் இருந்த காலம் அது.

டிபிட்டுக்கு அடுத்து மார்க் செக்கரெல்லி, வின்சென்ட் வாலர் இருவரும் தொடரின் பொறுப்பேற்ற பிறகு முகங்கள் ரப்பர்போல இழுபடத் தொடங்கின. அது ரசனை சார்ந்த தேர்வு. எங்களில் சிலருக்குப் பிடிக்கிறது, சிலருக்குக் கண் வலிக்கிறது. அதைச் சரிவு என்று எழுத மாட்டோம்.

துணைத் தொடர்கள் பற்றி எங்கள் கருத்து தெளிவானது. 2009-இல் ஒரு பேட்டியில் ஹில்லன்பர்க், இது ஸ்பாஞ்ச்பாப்பை மையமாகக் கொண்ட தொடர் என்றும், அவனுடைய நண்பன் பேட்ரிக் மட்டும் தனியாக என்றால் அளவுக்கு மிஞ்சிவிடும் என்றும், துணைத் தொடர் எதுவும் வருமென்று தான் நினைக்கவில்லை என்றும் சொன்னார். 2021 மார்ச்சில் 'கேம்ப் கோரல்' வந்தது, ஜூலையில் பேட்ரிக்கின் தனித் தொடர் வந்தது. அவர் மனம் மாறியிருப்பாரா என்று இனி யாரும் அறிய முடியாது. ஆகவே 'அவர் ஆசீர்வதித்திருப்பார்', 'அவர் அழுதிருப்பார்' என்ற இரண்டு வாக்கியங்களையும் விட்டுவிடுங்கள். அவர் பெயரை இழுக்காமலே எதிர்க்க முடியும். 1999 மே 1 அன்று ஒளிபரப்பான 'டீ அட் தி ட்ரீடோம்' கதையில்தான் ஸ்பாஞ்ச்பாப் சாண்டி என்ற அணிலை முதன்முதலாகச் சந்திக்கிறான், தண்ணீரில்லாத அவள் வீட்டில் மூச்சுத் திணறுகிறான். 'கேம்ப் கோரல்' இருவரையும் சிறுவயதிலேயே ஒரே முகாமில் நண்பர்களாக வைக்கிறது. தொடரின் முதல் நாளிலேயே சொன்ன கதையை இது அழிக்கிறது. இந்த ஒரு புள்ளியே போதுமான வாதம்.

இனி உங்களிடம் கேட்பது. ஒரு எபிசோடைப் புகழும்போதும் இகழும்போதும் தலைப்பு அட்டையை நிறுத்தி, ஸ்டோரிபோர்டு இயக்குநர்களின் பெயரைச் சேர்த்து எழுதுங்கள். 'பேண்ட் கீக்ஸ்' என்றால் சி. எச். கிரீன்பிளாட், ஏரன் ஸ்பிரிங்கர் இருவரும், அவர்களோடு சேர்ந்து எழுதிய மெரிவெதர் வில்லியம்ஸும் நினைவுக்கு வர வேண்டும். பிடிக்காத எபிசோடு என்றால் குறை எந்த நிமிடத்தில், எந்தக் காட்சியில் என்று எழுதுங்கள். ஓவியர்களுக்குத் தனிப்பட்ட வசைகள் அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள்.

ஹில்லன்பர்க் மறைந்தபோது, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் மேடையில் 'பேண்ட் கீக்ஸ்' கதையில் வரும் 'ஸ்வீட் விக்டரி' பாடலைக் கேட்டு 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். 2019 பிப்ரவரியில் கிடைத்தது பாடல் அல்ல, அந்தக் கதையின் சில விநாடித் துணுக்கு மட்டும். அந்தத் திரளில் ஒரு பங்கு சேர்ந்தாலும் நிக்கலோடியனிடம் இவற்றைக் கேட்க முடியும்: இணையத் திரையில் ஒவ்வொரு 11 நிமிடக் கதைக்கும் முழுப் பெயர்ப்பட்டியல், பட்டியலைத் தானாகத் தாண்டாத வசதி, முதல் சீசன்களின் ஸ்டோரிபோர்டுகள் பொதுப் பார்வைக்கு. கையெழுத்து சேரும்வரை விவாதம் வேண்டுமென்றால், மேலே சொன்ன கேரி கதைகள் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு நிமிடத்திலும் யார் யாருக்கு என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு பேச வாருங்கள்.

அன்புடன்,
முதல் சீசனிலிருந்து இந்தத் தொடரைப் பார்த்துவரும் நண்பர்கள்