ஏணிக்கும் சேர்த்து நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். தேனி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு இந்த ஆண்டு நான் கேப்டன். ஏப்ரலில் தேர்வு, அப்புறம் ஆளுக்கொரு திசை. அதற்கு முன்னால் உதவியவர்களுக்கெல்லாம் ஒரு நன்றி எழுதிவிடு, அரைப் பக்கம் போதும் என்று பி.டி. சார் சொன்னார். உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது, அரைப் பக்கத்தில் அடங்காது. யார் பெயரையும் போடவில்லை. நன்றி சொல்லப்போகிற பாதிப் பேர், "என் பேரைப் போட்டேன்னா பாரு" என்று முன்கூட்டியே மிரட்டிவிட்டார்கள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கோப்பை இல்லை. பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் மூன்றாம் இடம். ஜூலையில் எங்களைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்கு வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டால், ஆடி முழுக்கச் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்த முடியாது. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சும்மா நட்டுவைக்கவில்லை. ஜூன் கடைசியில் ஒரு ராத்திரி அந்தக் காற்றில் எங்கள் கோர்ட்டின் கிழக்குப் பக்கத்து போர்டு, வளையம் மாட்டியிருக்கிற பலகை, கழன்று விழுந்தது. காற்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. போல்ட்டெல்லாம் துரு. காலையில் போய்ப் பார்த்தால் பலகை இரண்டாகப் பிளந்திருக்கிறது, வளையம் நசுங்கி முட்டை வடிவத்தில் கிடக்கிறது.

புது போர்டுக்கு மனு கொடுத்தோம். மனு நகரத் தொடங்கியது. நாங்கள் மிச்சமிருந்த ஒரே வளையத்தில் பயிற்சியைத் தொடங்கினோம்.

ஒற்றை வளையத்தில் ஆடினால் பாதி ஆட்டம்தான் கைக்கு வரும் என்பதை நாங்கள் அப்போது யோசிக்கவில்லை. கோர்ட் 28 மீட்டர் நீளம். எங்கள் கால்கள் 14 மீட்டருக்குப் பழகிக்கொண்டன. ஜூலையில் மதுரையில் ஒரு நாக்-அவுட் போட்டிக்குப் போனோம். எதிரணி முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிட்டது. எங்கள் வளையத்துக்குக் கீழேயே வந்து நெருக்கினார்கள். பந்தைக் கையில் எடுத்த 8 நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். தாண்டவில்லை. ஆட்டத்தின் முதல் கால் பகுதியில் மட்டும் நான்கு தடவை அதற்கே விசில். 41 புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

திரும்பும்போது பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசவில்லை. (ரயில் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: அகலப் பாதை வேலைக்காகப் பல வருடம் நின்றிருந்த மதுரை - தேனி ரயில் 2022 மே மாதம் திரும்ப வந்தது, சந்தோஷம்தான். ஆனால் அது காலையில் மதுரையிலிருந்து இங்கே வரும், சாயங்காலம் இங்கிருந்து அங்கே போகும். மேட்சுக்குப் போகிற எங்களுக்கு நேர் எதிர்ப்பாடு.) கண்டக்டர் அண்ணன் பந்துப் பையைப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார். "தோத்துட்டீங்களா தம்பி? சரி, பைக்கு லக்கேஜ் வேணாம், உள்ள தள்ளி வைங்க" என்றார். அண்ணே, அன்றைக்கு எங்களிடம் பேசிய ஒரே ஆள் நீங்கள்தான். அதற்கப்புறம் நான்கு தடவை அதே பஸ்ஸில் வந்தோம். ஒவ்வொரு தடவையும் "இன்னைக்கு என்ன?" என்று கேட்டீர்கள். நாலாவது தடவை நாங்கள் சொன்ன பதிலைக் கேட்டு நீங்கள் அடித்த விசில் ரெஃபரி விசிலைவிடச் சத்தம்.

முழுக் கோர்ட்டுக்கு எங்கே போவது? பக்கத்து ஊர் மகளிர் கல்லூரியில் நல்ல சிமெண்டுக் கோர்ட் இருக்கிறது. பி.டி. சார் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். அங்குள்ள பி.டி. மேடம், ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி முதல் 8 மணி வரை தருகிறேன், ஆனால் எங்கள் பிள்ளைகளோடு ஒரு மேட்ச் ஆடிவிட்டுத்தான் உங்கள் பயிற்சி என்றார். எங்களில் இரண்டு மூன்று பேர் சிரித்துக்கொண்டே சம்மதித்தோம். அந்தச் சிரிப்பு அடுத்த ஞாயிறு வரைதான் இருந்தது. எங்கள் பந்து 7-ஆம் எண், அவர்களுடையது 6, கொஞ்சம் சின்னது. முதல் பாதி அவர்கள் பந்து, இரண்டாம் பாதி எங்கள் பந்து என்று பேச்சு. முதல் பாதி முடிவில் அவர்கள் 9 புள்ளி முன்னால். அவர்கள் ஸ்டோர் ரூம் சுவரில் அனிதா பால்துரை படம் ஒட்டியிருக்கிறது. சென்னைக்காரர், இந்திய மகளிர் அணியின் கேப்டனாக இருந்தவர், 2021-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். தண்ணீர் குடிக்கப் போனபோது அந்தப் படத்துக்குக் கீழேதான் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். அக்கா தங்கைகளே, நடுக்கோட்டைத் தாண்டக் கற்றுக்கொடுத்தது நீங்கள். இரண்டாம் பாதியில் எங்களை ஜெயிக்க விட்டீர்களா, நாங்களே ஜெயித்தோமா என்பதை இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

இனி தாத்தா.

பெரியகுளத்தில் கூடைப்பந்து ஒரு தனி ஊராட்சி. வெள்ளி விழா விளையாட்டுக் கழகம் மே மாதத்தில் நடத்துகிற அகில இந்தியப் போட்டிக்கு வங்கி அணி, ராணுவ அணி என்று வடக்கிலிருந்தெல்லாம் வருவார்கள். மாந்தோப்பில் வேலை முடித்து வந்தவரும் கேலரியில் உட்கார்ந்து, ரெஃபரிக்கு முன்னால் ஃபவுல் சொல்வார். அந்த ஊர்க்காரர் எங்கள் தாத்தா. விளையாட்டு ஒதுக்கீட்டில் வங்கி வேலை கிடைத்து, ஆடி, ஓய்வும் பெற்றவர். எங்கள் அணியில் ஒருவனுக்குத் தூரத்து உறவு. ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் "என்னதான் பண்றீங்கன்னு பாப்போம்" என்று வந்தவர், பிப்ரவரி வரை வாரம் மூன்று நாள் வந்தார். பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை.

முதல் நாள் பத்து நிமிடம் பேசாமல் பார்த்தார். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்த வேண்டிய எங்கள் பாயிண்ட் கார்டு அதைத் தட்டித் தட்டி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டார். "தட்டுறது தவில்காரர் வேலை. உன் வேலை பாஸ் குடுக்கிறது." அவ்வளவுதான். அன்றிலிருந்து அவன் பெயர் தவில்.

தாத்தா ஆடத் தொடங்கிய காலத்தில், தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி தருகிற கோடே கிடையாது. சர்வதேச விதியில் அது 1984-இல்தான் வந்தது. பந்து கைக்கு வந்த 24 நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதியும் 2000-க்கு முன்னால் 30 நொடி. அதனால் தூரத்திலிருந்து எறிகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. எங்களுக்கும் அது பொருந்திப்போனது. எங்கள் கோர்ட்டில் அந்தக் கோடு இருக்கிற 6.75 மீட்டரிலிருந்து எறிந்த பந்தை ஆடிக் காற்று சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய்விடும். "காத்து பலகையை அசைக்காதுல்ல? பலகையில போடு" என்றார். போர்டில் வளையத்துக்கு மேலே ஒரு சின்னச் சதுரம் வரைந்திருக்கும். பக்கவாட்டிலிருந்து அதன் மேல் மூலையில் பட்டால் பந்து தானாக உள்ளே இறங்கும். நான்கு மாதம் அந்த மூலையை மட்டுமே பார்த்தோம். மதுரை மைதானங்களில் காற்றே இல்லை. அங்கேயும் பலகையில்தான் போட்டோம். ஒரு கல்லூரிப் பையன்கள் எங்களைப் "பலகை டீம்" என்றார்கள். கிண்டல்தான். இருக்கட்டும்.

செப்டம்பரில் மனு ஒரு வழியாகப் பலகையாக மாறி வந்தது. மாட்டுவதற்கு ஆள் வேண்டும், ஏணி வேண்டும். கேட்டுக்கு கிரில் அடிக்கிற வெல்டர் அண்ணன் நசுங்கின வளையத்தையே சூடுபடுத்தி வட்டமாக்கினார். உள்விட்டம் 45 சென்டிமீட்டர் என்று சொல்லியிருந்தோம். ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. உயரத்தில்தான் ஒரு கூத்து. வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் இருக்க வேண்டும். அவர் கம்பம் நட்டிருக்கும் சிமெண்டு மேடையிலிருந்து அளந்துவிட்டார். மேடை கோர்ட்டைவிட நாலு விரல் உயரம். இரண்டு வாரம் எல்லாருடைய பந்தும் முன்விளிம்பில் தட்டித் திரும்பி வந்தது. காய்ச்சலா, சாப்பாடு சரியில்லையா என்று குழம்பிக்கொண்டிருந்தோம். தாத்தா கேட்டுக்குள் நுழையும்போதே "வளையம் உசரமா இருக்குடா" என்றார். டேப் வைத்துப் பார்த்தால் 3.12. வெல்டர் அண்ணன் அன்று மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து இறக்கிக்கொடுத்தார். இரண்டு தடவை வேலை, ஒரு தடவைக்குத்தான் கூலி வாங்கினார். அண்ணே, அந்த இரண்டு வாரத்தில் எங்கள் பந்துக்கு நல்ல வளைவு வந்துவிட்டது. அதற்கு நாங்கள்தான் கூலி தந்திருக்க வேண்டும்.

வாட்ச்மேன் ஐயாவுக்குக் கூடைப்பந்து தெரியாது. எண்ணத் தெரியும். கிளம்பும் முன் ஆளுக்கு 50 ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கிற, யாரும் மறிக்காத எறிதல்) என்று தாத்தா விதி போட்டுவிட்டுப் போய்விடுவார். விளக்கை அணைத்துச் சாவியை மாட்ட வேண்டியவர் ஐயா. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவரே எண்ணத் தொடங்கினார். நாற்பதோடு நைசாகப் பந்தைப் பையில் போட்டால், "அம்பது ஆகலையே தம்பி" என்று இருட்டிலிருந்து குரல் வரும். எட்டரை மணிக்குப் பசியில் அந்தக் குரலை எவ்வளவு திட்டியிருக்கிறோம் என்பதை இங்கே எழுத முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா.

விடுதி மெஸ் மாஸ்டர், தாமதமாக வருகிற பன்னிரண்டு பேருக்குத் தட்டை மூடி வைத்திருந்தார். முட்டை கணக்கில் ஏதோ இடித்தது என்று பின்னால் கேள்விப்பட்டோம். அதை எப்படிச் சரிக்கட்டினார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

டிசம்பரில் தவிலுக்குக் கணுக்கால் பிசகியது. ரீபவுண்டுக்கு, அதாவது உள்ளே விழாமல் திரும்புகிற பந்துக்கு, குதித்து இன்னொருவன் பாதத்தின் மேல் இறங்கிவிட்டான். கூடைப்பந்தில் கணுக்கால் போவது பெரும்பாலும் இப்படித்தான். கானாவிலக்கு அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவு இல்லை என்று படம் எடுத்துக் காட்டினார்கள். பிசியோ அக்கா, ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகுகிற பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து, "வீட்ல பல் விளக்கும்போது செய், அப்பதான் மறக்க மாட்ட" என்றார். இப்போது விடுதியில் பாதிப் பேர் கொக்கு மாதிரி நின்றுதான் பல் விளக்குகிறார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற முன்னாள் மாணவர் ஜெர்சி அனுப்பினார். எண் 23 வேண்டும், 30 வேண்டும் என்று பையன்கள் சண்டை. 2014-லிருந்து 0 முதல் 99 வரை எது வேண்டுமானாலும் போடலாம். அவர் பழைய ஆள். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் ரெஃபரி விரல் காட்டுகிற எண்கள் என்று 4-லிருந்து 15 வரை அச்சடித்து அனுப்பிவிட்டார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா? நன்றி அண்ணா. 23 கேட்டவன் 14-இல் சமாதானமாகிவிட்டான்.

பல்கலைக்கழகப் போட்டியில் இரண்டு நாக்-அவுட்டில் ஜெயித்து, கடைசி நான்கு அணிகளின் லீகுக்குப் போனோம். முதல் இரண்டு லீக் மேட்சிலும் தோல்வி. மூன்றாவதில் கடைசி 4 நொடி, ஒரு புள்ளி பின்னால். முதலாண்டுப் பையன் ஒருவன் மேல் ஃபவுல். அந்தக் கால் பகுதியில் எதிரணிக்கு அது ஐந்தாவது, ஆகவே இரண்டு ஃப்ரீ த்ரோ. அவன் கோட்டில் போய் நின்று வெகுநேரம் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எறிவதற்கான 5 நொடி தாண்டிவிடுமோ என்று எனக்கு உயிர் போனது. இரண்டையும் போட்டான். 52 - 51. என்னடா அவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, "ஐயா நாப்பத்தொம்பதுன்னு சொல்ற மாதிரி இருந்துச்சுண்ணே" என்றான்.

அந்த மேட்சில் தோற்ற அணியின் கேப்டனுக்கும் நன்றி சொல்ல வேண்டும். இடைவேளையில், வளையத்துக்குப் பக்கத்தில் நின்று ஆடுகிற எங்கள் பிவட்டின் ஷூ அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டது. பெஞ்சில் இருந்த தன் பையனின் 10-ஆம் எண் ஷூவைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னவர் அவர். அந்த ஷூவோடுதான் எங்கள் பிவட் கடைசி ரீபவுண்டை எடுத்தான். துவைத்து, லேஸ் மாற்றி, கூரியரில் அனுப்பிவிட்டோம்.

வீட்டில் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் இங்கே தனியாக எழுதவில்லை. நேரில் சொல்லிக்கொள்கிறோம். பி.டி. சாருக்கும் அப்படியே. இதைத் திருத்தப்போகிறவர் அவர். அவரைப் பற்றி எழுதினால் அடித்துவிடுவார்.

கடைசியாகப் பந்தல்காரர் அண்ணனுக்கு. போர்டு மாட்ட நாலு நாளைக்கு என்று உங்களிடம் வாங்கிய இருபது அடி ஏணி, வளையத்தை இறக்க ஒரு தடவை, வலை கட்ட ஒரு தடவை, மரத்தில் மாட்டிய பந்தை எடுக்கப் பல தடவை என்று இன்றுவரை எங்கள் ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறது. ஒரு நாளும் நீங்கள் திருப்பிக் கேட்கவில்லை. பங்குனித் திருவிழாப் பந்தல் வேலை தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டோம். திங்கட்கிழமை காலை ஆறு பேர் தூக்கிக்கொண்டு வருகிறோம். மேலேயிருந்து மூன்றாவது படி உடைந்தது எங்களால்தான். வெல்டர் அண்ணன் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார். ஏறும்போது ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
எண் 4, கேப்டன்,
5 முதல் 15 வரை எல்லோர் சார்பாகவும்