கோத்தகிரியிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள குமார்,

உன் மகளுக்கு சிப் பேக்கேஜிங் பிரிவில் வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, அப்பாவின் பழைய கேமரா லென்ஸில் மறுபடியும் பூஞ்சை.

சரி, அவள் பென்சோசைக்ளோபியூட்டீன் என்று ஏதோ சொல்கிறாளே, அது என்ன என்று கேட்டிருந்தாய். சிப்பில் உலோக அடுக்குகளுக்கு நடுவே மின்காப்பாகப் பூசும் பிளாஸ்டிக்குக்கு இதுதான் அடிப்படை மூலக்கூறு. பென்சீன் வளையத்தோடு நாலு கார்பன் கொண்ட சின்ன வளையம் ஒன்று ஒட்டியிருக்கும், இரண்டு கார்பன் இரு வளையத்துக்கும் பொது, அவ்வளவுதான். எட்டு கார்பன், எட்டு ஹைட்ரஜன்; ஸ்டைரீனுக்கும் இதே கணக்குதான், குணம்தான் வேறு. அந்த நாலு கார்பன் வளையத்தில் பிணைப்புகள் இயல்பான கோணத்தில் இருக்க முடியாமல் இறுகிக் கிடக்கின்றன. 200 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடேறினால் வளையம் திறந்து, பக்கத்து மூலக்கூறின் இரட்டைப் பிணைப்போடு டீல்ஸ்–ஆல்டர் என்ற வளையம் உண்டாக்கும் வினையில் சேர்ந்து ஆறு கார்பன் வளையமாகிவிடும். வினையூக்கி வேண்டாம், கழிவாக எதுவும் வெளியேறாது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். இதே வேலைக்குப் பயன்படும் இன்னொரு பிளாஸ்டிக்கான பாலிஇமைடு கெட்டிப்படும்போது தண்ணீரை வெளிவிடும், அது இரண்டு உலோக அடுக்குகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் எவ்வளவு தொல்லை என்று நினைத்துப் பார். இதில் அந்தக் கவலையே இல்லை. கெட்டியான பிறகும் ஈரத்தை மிகக் குறைவாகத்தான் உறிஞ்சும். நம் மலை ஈரத்தில் ரேடியோக்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மின்காப்பு மாறிலி (இது குறைந்தால் சிக்னல் தாமதமும் குறையும்) சுமார் 2.65, சிப்பில் வழக்கமான காப்புப் பொருளான சிலிக்கான் டை ஆக்சைடுக்கு 3.9. அதனால் அதிவேக சிக்னல்களுக்கு நல்லது. ஒளியுணர் வகையும் உண்டு, புற ஊதா பட்ட இடம் தங்கும், மற்றது டெவலப்பரில் கரைந்துபோகும். ஊட்டி ஃபிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்த உன் அண்ணனிடம் சொல், ரசிப்பார். ஆனால் சூட்டில் காற்று பட்டால் ஆக்சிஜன் கெடுத்துவிடும், நைட்ரஜன் சூழலில்தான் வேகவைக்க வேண்டும். சூடானால் சிலிக்கானைவிடப் பல மடங்கு விரியவும் செய்யும்.

இதன் புரோமின் சேர்ந்த வடிவத்தை ஃபிங்கல்ஸ்டைன் என்ற வேதியியலாளர் 1910-இலேயே வெளியிட்டுவிட்டார், 1956-இல் காவா, நேப்பியர் என்ற இரு வேதியியலாளர்கள் கையிலெடுக்கும் வரை பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பாவம், எவ்வளவு நல்ல வேலை!

அப்புறம், தடித்த படலம் போடும்போது விரிசல் விடாமல் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அவளிடம் கேட்டு எழுது. விடுமுறை கிடைத்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வா, நிறைய பேச வேண்டும்.

அன்புடன்,
ராமு